ஊர் வரலாறு என்றால் எந்த ஊர்?

எந்தக் கிராமத்துக்குப் போனாலும் அந்த ஊருக்கென்று ஒரு வரலாறு தயாராக இருக்கிறது. கும்பாபிஷேக மலரில் அது இருக்கும். பள்ளிக்கூட ஆண்டுமலரில் இருக்கும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் யாராவது சொந்தச் செலவில் அச்சடித்த சின்னப் புத்தகத்தில் இருக்கும். புரட்டிப் பாருங்கள். ராஜா வருவார், கோயில் கட்டுவார், ஏரி வெட்டுவார், பிராமணர்களுக்கு நிலம் கொடுப்பார். பிறகு 'பார்க்க வேண்டிய இடங்கள்' என்று ஒரு பட்டியல். சிவன் கோயில், பெருமாள் கோயில், தேரடி, திருக்குளம், அக்ரகாரம், மந்தை, ஆலமரம், பண்ணையார் கட்டின சத்திரம். கடைசிப் பக்கத்தில் நன்கொடை கொடுத்தவர்கள் பேரு. ஊர் வரலாறு முடிந்தது.

சேரி எங்கே? தேடினால் ஒரே ஒரு வரி அகப்படும். இவ்வூரில் பல்வேறு சமூகத்தினரும் ஒற்றுமையாக வாழ்ந்து வருகின்றனர் என்று எழுதியிருப்பார்கள். அந்த 'பல்வேறு' என்கிற ஒத்தைச் சொல்லுக்குள்ளே நம்ம பாட்டன் பூட்டன் எல்லாரும் அடங்கிப் போயாச்சு. ஏரி வெட்டினது ராஜான்னு எழுதியிருக்கான். ராஜாவா மம்பட்டி புடிச்சான்? தேரை இழுத்தது யார், தேருக்கு மரம் அறுத்தது யார், தேர் வரும்போது தெருவை விட்டு விலகி ஓடினது யார் என்பதெல்லாம் அந்தப் புத்தகத்துக்கு வேண்டாத சங்கதிகள்.

ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். நம்முடைய மொழியிலேயே 'ஊர்' என்றால் சேரியைத் தவிர்த்த மிச்சம். 'ஊர்ல திருவிழா', 'ஊர்க்காரங்க கூடியிருக்காங்க', 'ஊருக்குள்ள செருப்புப் போட்டுட்டுப் போவாதே' என்று சொல்லும்போது நம்மையும் சேர்த்துச் சொல்வதில்லை. வரிவசூல், வாக்காளர் பட்டியல், மக்கள்தொகைக் கணக்கு எல்லாவற்றுக்கும் ஊரும் சேரியும் சேர்ந்து ஒரே கிராமம். வரலாறு எழுதுகிறபோது மட்டும் ஊர் தனி. இந்தத் தந்திரத்தைத்தான் இந்த இதழின் முதல் பக்கத்தில் பேச விரும்புகிறேன்.

கிராமம் என்றதும் உருகிப்போகிறவர்கள் நம் நாட்டில் எப்போதும் உண்டு. 1830இல் சார்லஸ் மெட்காஃப் என்கிற வெள்ளைக்கார அதிகாரி இந்தியக் கிராமங்களைச் சிறு குடியரசுகள் என்று வர்ணித்தார். காந்தி அதையே கனவாக்கினார். அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தை அடிப்படையாக வைத்து அரசியல் சட்டம் எழுதவில்லையே என்று பலர் அழுதபோது, 1948 நவம்பர் 4 அன்று எழுந்து நின்ற அண்ணல் அம்பேத்கர், கிராமம் என்பது குறுகிய புத்தியும் அறியாமையும் சாதி வெறியும் குடியிருக்கும் சாக்கடை என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். தனிமனிதரை அலகாக எடுத்துக்கொண்டதற்காக மகிழ்கிறேன் என்றும் சொன்னார். கிராமத்தைப் பற்றி அதற்குள்ளே நுழைய அனுமதிக்கப்படாதவன் சொன்ன வரலாறு அது. மெட்காஃப் பார்த்தது ஊரை. அம்பேத்கர் பார்த்தது சேரியிலிருந்து ஊரை. பார்க்கிற இடம் மாறினால் வரலாறும் மாறிப்போகும்.

இதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கிராமங்களை எழுதிவைத்த கல்வெட்டுக்களைப் பாருங்கள். வரியில்லாமல் நீக்கப்பட்ட இடங்கள் என்று ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு பட்டியல் வருகிறது. ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சுடுகாடு, கம்மாணச்சேரி, பறைச்சேரி. சில ஊர்களில் தீண்டாச்சேரி என்றே வெட்டியிருக்கிறார்கள். பறையர்களுக்குச் சுடுகாடு தனியாக இருந்ததையும் கல்வெட்டு மறைக்கவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ராஜாவின் கணக்குப்பிள்ளைக்கு நம்ம சேரி ஒரு முக்கியமான இடமாகத் தெரிந்திருக்கிறது. நிலத்தை அளக்கிறவனுக்கு எல்லை தெரியணுமில்லையா! ராஜராஜனுக்கு ஆண்டுதோறும் சதயவிழா எடுத்து 'பொற்காலம்' என்று பூரித்துப் போகிறவர்கள்தான் அந்த வரிகளைப் படிக்காமல் தாண்டிப் போகிறார்கள். நான் அவர்களைப் படிக்கச் சொல்கிறேன். அந்தப் பொற்காலத்தில் எங்களுக்குத் தனிச் சுடுகாடு இருந்தது, அதைக் கொண்டாடச் சொல்கிறீர்களா என்று கேட்கிறேன்.

இப்போது ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். நாகப்பட்டினத்துக்கும் திருவாரூருக்கும் நடுவே, கீவளூர் பக்கம், கீழ்வெண்மணி. முன்பு கீழத்தஞ்சை, 1991க்குப் பிறகு நாகை மாவட்டம். இந்த வட்டாரத்துக்குச் சுற்றுலா வழிகாட்டி எழுதுகிறவர்களுக்கு விஷயப் பஞ்சமே கிடையாது. திருவாரூர் தியாகராசர் கோயிலும் ஆழித்தேரும், சிக்கல் சிங்காரவேலர், எட்டுக்குடி முருகன், நாகூர் தர்கா, வேளாங்கண்ணி மாதா. எல்லாத்துக்கும் பஸ் நம்பர் சொல்லுவான். நடுவிலே பச்சைப் பசேல் என்று வயல். 'சோழநாடு சோறுடைத்து' என்று அதற்கும் ஒரு பெருமை. அந்தச் சோறு யார் வடித்தது, யாருக்குக் கிடைத்தது என்று கேட்டால்தான் வெண்மணிக்குப் பாதை தெரியும்.

அந்தக் காலத்து வெண்மணியில் பார்க்கவேண்டிய இடம் என்று சேரிக்குச் சொந்தமாக என்ன இருந்திருக்கும்? குடிசை இருந்த மனைகூடச் சொந்தமில்லை. கீழத்தஞ்சையில் பண்ணையாள் குடியிருந்த மண் மிராசுதாரின் பட்டாவில் இருந்தது. வேலையை விட்டுப் போனால் வீட்டையும் விட்டுப் போகணும். குடியிருப்பு மனையைக் குடியிருப்பவருக்கே உரிமையாக்கும் சட்டம் 1971இல்தான் வந்தது. ஆக, தன் காலடி மண்ணே தனக்கில்லாத சனங்கள் தங்களுக்கென்று நட்டுவைத்த ஒரே அடையாளம் ஒரு கம்பம். சேரியின் முகப்பிலே மூங்கில் கொம்பில் பறந்த செங்கொடி.

அந்தக் கொம்பின் வரலாறு லேசுப்பட்டதல்ல. சாணிப்பாலும் சவுக்கடியும் சட்டமாக இருந்த பண்ணைகளில், 1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் சேரிக்குள்ளேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, 'அடிச்சா திருப்பி அடி' என்று சொல்லிக் கட்டின சங்கம் அது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்குப் பின்னே அந்தக் கொடிக்கம்பங்கள் நின்றன. இடுப்பில் கட்டின துண்டைத் தோளுக்கு ஏற்றியதும், 'ஆண்டே' என்று கூப்பிடுவதை நிறுத்தியதும் அந்தக் கொடியின் கீழேதான். மிராசுதாருக்கு எரிச்சல் கூலியில் தொடங்கியது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். தோளில் ஏறின துண்டு அவன் கண்ணை உறுத்தியது.

1960களில் தஞ்சைக்குத் தீவிர விவசாயத் திட்டம் வந்தது. புதிய விதை, உரம், பம்புசெட்டு, இரண்டாம் போகம். விளைச்சல் கூடியது, விலைவாசியும் கூடியது. அறுவடைக் கூலியைக் கூட்டிக் கேட்டார்கள். அரைப்படி நெல் கூடுதலாக. கேட்டது அவ்வளவுதான். மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு பதில் சொன்னார்கள். அதன் தலைவர் இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு. வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்தார்கள். செங்கொடியை இறக்கு, எங்கள் சங்கத்துக் கொடியை ஏற்று என்றார்கள். சேரி இறக்க மறுத்தது.

1968 டிசம்பர் 25 இரவு. துப்பாக்கியும் ஆயுதங்களுமாகக் கும்பல் சேரிக்குள் புகுந்தது. ஓடமுடிந்தவர்கள் இருட்டில் வயலுக்குள் ஓடினார்கள். ஓட முடியாத பெண்களும் பிள்ளைகளும் வயசானவர்களும் தெருக்கோடியில் இருந்த ராமையாவின் குடிசைக்குள் பதுங்கினார்கள். கதவை அடைத்துக் கொளுத்தினார்கள். 44 பேர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். உலகமெல்லாம் ஏசு பிறந்த நாள் என்று விளக்கேற்றின இரவில் கீழ்வெண்மணியில் ஏற்றின விளக்கு அது.

அதன்பிறகு கோர்ட்டு. 1970இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட்டு நாயுடுவுக்கும் மற்றவர்களுக்கும் பத்தாண்டுச் சிறை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அனைவரையும் விடுதலை செய்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் பெரிய மிராசுதார்கள், கார் வைத்திருப்பவர்கள்கூட இருக்கிறார்கள், அப்பேர்ப்பட்டவர்கள் நடந்தே போய்த் தாங்களே குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்பக் கடினமாக இருக்கிறது என்கிற ரீதியில் தீர்ப்பு பேசியது. கார் என்பது ஒரு வாகனம் என்றுதான் நாம் நினைத்திருந்தோம். அது நற்சாட்சிப் பத்திரம் என்பதைக் கனம் கோர்ட்டார் சொல்லித்தான் தெரிந்தது. 1969இல் கணபதியா பிள்ளை கமிஷன் கூலியைப் பற்றி அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கேட்ட படி நெல்லுக்குச் சட்டம் கிடைத்தது. செத்த 44 பேருக்கு நீதி கிடைக்கவில்லை. கோபாலகிருஷ்ண நாயுடு 1980இல் கொல்லப்பட்டார். அதுவும் இந்த ஊரின் வரலாற்றில் ஒரு பக்கம். அதை யாரும் கிழித்துவிட முடியாது.

இன்றைக்கு வெண்மணியில் நினைவிடம் இருக்கிறது. 44 பேரின் பெயர்களைத் தாங்கிய கல் இருக்கிறது. ஒவ்வொரு டிசம்பர் 25 அன்றும் கொடிகளோடு ஆயிரக்கணக்கானோர் போகிறார்கள். நல்லது. மார்க்சிஸ்ட் தோழர்கள் அந்த நினைவைக் கட்டிக் காப்பாற்றியிருக்கிறார்கள். இதை மறுக்கிற நன்றிகெட்ட வேலையை நான் செய்யமாட்டேன். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்காமல் நகரவும் முடியாது. நெடுங்காலம் அந்தக் கல்லைச் சுற்றிப் பேசப்பட்ட பேச்சுகளில் 'விவசாயத் தொழிலாளர்கள்' என்ற சொல் வந்த அளவுக்குச் 'சேரி' என்ற சொல் வந்ததா? தஞ்சை வயல்களில் வேலை செய்த கூலிகள் எல்லாரும் சேரிக்காரர்கள் இல்லை. வேறு சாதிக் கூலிகளும் இருந்தார்கள், அவர்களுக்கும் கூலி குறைச்சல்தான். தீ எந்தத் தெருவுக்குள் நுழைந்தது? குடியானத் தெருவுக்குள் நுழையவில்லையே! நெருப்புக்குச் சேரிக்கு வழி தெரிந்திருந்தது. கூலிக்காகத்தான் கொன்றான் என்பது நிஜம். குடும்பத்தோடு, குழந்தைகளோடு கொளுத்தலாம், கேட்பாரில்லை என்கிற தைரியத்தைக் கொடுத்தது எது? படி நெல்லும் சாதியும் ஒரே மரக்காலில்தான் அளக்கப்படுகின்றன. ஒன்றை மறைத்து இன்னொன்றைப் பேசுகிற வரலாறு பாதி வரலாறு.

இலக்கியம் என்ன செய்தது? வெண்மணியை வைத்து இந்திரா பார்த்தசாரதி 'குருதிப்புனல்' எழுதினார். 1977இல் சாகித்திய அகாதமி விருதும் வாங்கினார். அந்த நாவலில் பண்ணையாரின் கொடூரத்துக்கு அவருடைய ஆண்மைக்குறைவு காரணமாகக் காட்டப்படுகிறது. இத்தனை பெரிய சாதிக் கொடூரத்தை ஒரு தனி மனிதனின் உடம்புக் கோளாறாக்கிவிட்டால் ஊருக்கு எவ்வளவு நிம்மதி! மற்ற மிராசுதார்கள் எல்லாம் ஆரோக்கியமானவர்கள், ஆகவே யோக்கியர்கள். நம்ம சாவுகூட நம்ம கதையாக எழுதப்படவில்லை. பின்னாளில் சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்', பாட்டாளியின் 'கீழைத்தீ', பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படம், மீனா கந்தசாமியின் ஆங்கில நாவல் என்று வேறு குரல்கள் வந்தன. உயிர் தப்பியவர்களின் வாய்மொழி கேமராவுக்கு முன்னால் பதிவாவதற்கு 35 வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் எத்தனை சாட்சிகள் மண்ணுக்குள் போயிருப்பார்கள்!

வெண்மணி ஓர் ஊர். இப்படிப்பட்ட ஊர்கள் தமிழ்நாட்டில் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பொருள் அடையாளமாக நிற்கிறது.

செங்கல்பட்டு பக்கம் காரணை. அங்கே அடையாளம் ஒரு நிலம். ஆட்சியர் ட்ரெமென்ஹீர் கொடுத்த அறிக்கையின் பேரில் 1892இல் அரசாணை போட்டு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களின் கணக்கு, மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். அந்த நிலத்தை மீட்கப் போய், அம்பேத்கர் சிலையை நட்டு, 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள்.

தூத்துக்குடிப் பக்கம் கொடியன்குளம். அங்கே அடையாளம் ஒரு கிணறு. 1995 ஆகஸ்ட் 31 அன்று நூற்றுக்கணக்கான போலீஸ் ஊருக்குள் இறங்கி வீடுகளை உடைத்தது. டிவியையும் மிக்ஸியையும் பித்தளைப் பாத்திரத்தையும் உடைத்தது. வெளிநாடு போய்ச் சம்பாதித்து வந்த சேரி கல்வீடு கட்டிக்கொண்டதுதான் குத்தம். குடிதண்ணிக் கிணற்றில் விஷத்தைக் கொட்டினார்கள் என்று மக்கள் சாட்சி சொன்னார்கள்.

மதுரை மாவட்டம் மேலவளவு. அங்கே அடையாளம் ஒரு நாற்காலி. ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டபோது, போட்டியிட்டு ஜெயித்த முருகேசனும் உடன் வந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஓட்டுப்பெட்டி நமக்குக் கொடுத்த நாற்காலியில் உட்கார ஊர் விடவில்லை.

அதே மதுரை மாவட்டம் உத்தபுரம். அங்கே அடையாளம் ஒரு சுவர். 1989 மோதலுக்குப் பின் எழுப்பப்பட்ட தீண்டாமைச் சுவரில் ஒரு பகுதி 2008 மே 6 அன்றுதான் இடிக்கப்பட்டுப் பாதை திறந்தது. புதுக்கோட்டை வேங்கைவயலில் அடையாளம் ஒரு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. 2022 டிசம்பரில் அதில் மலம் கலந்திருந்தது தெரிந்தது. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை அந்தத் தண்ணீரைக் குடித்த மக்களிலேயே மூன்று பேரைக் குற்றம் சாட்டியது.

குடிசை, நிலம், கிணறு, நாற்காலி, சுவர், தண்ணீர்த் தொட்டி. மாணவத் தோழர்களே, இவைதான் நம் பாடப்புத்தகத்தில் வராத நினைவுச் சின்னங்கள். தொல்லியல் துறை இவற்றுக்கு நீலப் பலகை வைக்காது. சுற்றுலாத் துறை பஸ் விடாது.

இதை ஏன் இப்போது எழுத வேண்டியிருக்கிறது? 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஓர் அறிவிப்புச் செய்தார். 'காலனி' என்ற சொல் ஆதிக்கத்தின் குறியீடாகவும் வசைச்சொல்லாகவும் ஆகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்றார். அதே ஆண்டு அக்டோபரில் தெருக்களுக்கும் குடியிருப்புகளுக்கும் உள்ள சாதிப் பெயர்களை மாற்றவும் அரசாணை வந்தது. வரவேற்கிறோம். முகவரி எழுதும்போது கை நடுங்குகிற வேதனை பேனா பிடித்த நம் பிள்ளைகளுக்குத் தெரியும். வேலை விண்ணப்பத்தில், கல்லூரி விடுதியில், வாடகை வீடு கேட்கிற இடத்தில் 'காலனி' என்கிற மூணு எழுத்து என்ன செய்யும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அந்தச் சொல் போகட்டும்.

ஆனால் தோழர்களே, சொல் போனதும் தூரம் போய்விடுமா? பெயர்ப்பலகையில் ஒரு தலைவரின் பெயரோ பூவின் பெயரோ வந்துவிடும். ஊருக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற அந்த வாய்க்கால், அந்த வயல்வரப்பு, மழை பெய்தால் முழங்கால் சேறாகிற அந்தப் பாதை அப்படியேதான் கிடக்கும். பிணத்தைத் தூக்கிக்கொண்டு எந்த வழியாகப் போவது என்கிற தகராறு அப்படியேதான் இருக்கும். நாளைக்கு ஒருவன் வந்து 'எங்க ஊர்ல சேரியும் இல்ல, காலனியும் இல்ல, எல்லாம் நகர், எல்லாம் சமத்துவம்' என்று புதிய ஊர் வரலாறு எழுதுவான். அதற்கு அரசாங்க ரிக்கார்டையே ஆதாரம் காட்டுவான். ராஜராஜன் கல்வெட்டாவது சேரியைச் சேரி என்று எழுதி வைத்தது. இனி எழுதப்போகிற வரலாறு அதைக்கூடச் செய்யாது. இதுதான் என் கவலை. இழிவைச் சுமந்த சொல் அழிய வேண்டும். இழிவு செய்தவனின் கணக்கு அழியக் கூடாது.

ஆகவே பெயர்ப்பலகை மாறுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு சேரியும் தன் வரலாற்றைத் தானே எழுத வேண்டும்.

இது நமக்குப் புதிய வேலை இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்றே பெயர் வைத்துப் பத்திரிகை நடத்தினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி, நாட்டின் வரலாற்றையே தலைகீழாகப் புரட்டி எழுதினார். அந்த எழுத்துக்கள் ஏறக்குறைய மறக்கடிக்கப்பட்டு, 1999இல்தான் ஞான. அலாய்சியஸ் முயற்சியில் தொகுப்பாக வந்தன. ஒரு நூற்றாண்டுக் காலம் நமக்கு வரலாற்றாசிரியர் இல்லை என்று நம்பவைத்தார்கள். இருந்தார்கள். மறைக்கப்பட்டார்கள். நம் தலைமுறையும் அப்படி மறைக்கப்படாமல் இருக்க வேண்டுமானால் ஒவ்வொரு ஊரிலும் நாலு பிரதி இருக்க வேண்டும்.

எப்படி எழுதுவது? கல்லூரியில் வரலாறு படித்திருக்க வேண்டும் என்று இல்லை. லீவுக்கு ஊருக்குப் போகிறீர்கள். கிரிக்கெட் ஆடின நேரம் போக மிச்ச நேரத்தில் வயசான ஆயாக்களிடம் உட்காருங்கள். ஆம்பளைங்க சண்டையைத்தான் சொல்லுவாங்க. பொம்பளைங்க தண்ணியைச் சொல்லுவாங்க. எந்தக் கிணத்துல மொள்ள விட்டான், எதுல விடல, யாரு ஊத்தினா, எவ்வளவு நேரம் நிக்க வெச்சா, எந்த வருஷம் நமக்குன்னு தனியா குழாய் வந்துச்சு. ஒரு கிராமத்தின் நூறு வருஷத்தை ஒரு குடத்தை வைத்தே எழுதிவிடலாம். டீக்கடையில் தனி கிளாஸ் எந்த வருஷம் போனது? பிளாஸ்டிக் கப்பு வந்ததால் போனதா, நாம் உடைத்ததால் போனதா? முடிதிருத்தும் கடைக்குள் முதன்முதலில் போய் உட்கார்ந்தது யார்? ஊர்த்தெருவில் முதலில் சைக்கிளை இறங்காமல் ஓட்டிப்போனவன் யார்? இவர்கள்தான் நம் ஊரின் ராஜராஜன்கள்.

பிறகு தாலுகா ஆபீசுக்குப் போங்கள். அங்கேயும் வரலாறு தூசியடைந்து கிடக்கிறது. கிராமத்தின் 'அ' பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். சும்மா புதிய பதிவேட்டோடு நின்றுவிடாதீர்கள். 1980களில் நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தை, யு.டி.ஆர். என்பார்கள், அதற்கு முந்தைய பதிவேட்டையும் கேட்டு வாங்குங்கள். பழையதில் பஞ்சமி, நிபந்தனைப் பட்டா என்று குறிக்கப்பட்ட நிலம் புதியதில் சாதாரண ரயத்துவாரிப் பட்டாவாக வேறொருவன் பெயரில் நிற்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் உங்கள் ஊர் வரலாற்றின் மிக முக்கியமான பக்கம் உங்கள் கையில். கொடுக்க மறுத்தால் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி எழுதுங்கள். சுடுகாட்டுக்குப் பாதை கிராம வரைபடத்தில் இருக்கிறதா, இருந்து ஆக்கிரமிக்கப்பட்டதா என்று பாருங்கள். பழைய வரைபடமே பல ஊர்களில் நமக்கு வக்கீல்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நம் வரலாறு அடிவாங்கின வரலாறு மட்டுமே என்று எழுதிவிடாதீர்கள். வெண்மணியைப் பற்றிப் பேசும்போதுகூட, கொளுத்தப்பட்டதை மட்டும் பேசி, அதற்கு முந்தைய இருபது வருஷம் அந்தக் கொடிக்கம்பத்தைக் காப்பாற்றின தைரியத்தைப் பேசாமல் விடுவது நமக்கு நாமே செய்துகொள்கிற அநீதி. சேரிக்காரன் ஊருக்கு உயிர் கொடுத்தவன். ஏரி மதகைத் திறந்து, எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணி என்று நியாயமாகப் பிரித்துவிட்ட நீர்க்கட்டி நம்ம ஆள். ரெண்டு ஊருக்கு எல்லைத் தகராறு வந்தால், எல்லைக்கல் இருந்த இடத்தைக் காட்டச் சொல்லி வெட்டியானைத்தான் கூப்பிட்டார்கள். அவன் வாக்கே சாட்சி. ஊரின் எல்லையை அறிந்தவனை எல்லைக்கு வெளியே குடிவைத்த கெட்டிக்காரத்தனத்தை என்னவென்பது! பிரசவம் பார்த்த கிழவி, பறையில் முப்பது அடவு தெரிந்தவர், மாட்டு வைத்தியம் தெரிந்தவர், ராப்பள்ளிக்கூடம் நடத்தினவர், முதல் எஸ்.எஸ்.எல்.சி., முதல் டீச்சர், ரங்கூனுக்கும் கண்டிக்கும் போய் வந்தவர், மாரியம்மனுக்கு முன்னாடியே நாம் கும்பிட்ட காட்டேரி, மதுரைவீரன், பெரியாண்டவன் எல்லாம் பதிவாக வேண்டும். புளியமரத்தடி சாமிக்கு எந்த வருஷம் மேலே ஓடு போட்டோம், எந்த வருஷம் அம்பேத்கர் சிலை வைத்தோம், எந்த வருஷம் அந்தச் சிலைக்குக் கம்பிக்கூண்டு போட்டான் என்பதுவரை எழுதுங்கள். சுதந்திர நாட்டில் அரசியல் சட்டம் எழுதினவருக்குக் கூண்டு! இதைவிடப் பெரிய நினைவுச்சின்னம் எந்தக் கிராமத்தில் இருக்கிறது?

நமக்குள்ளேயும் உண்மையாக இருப்போம். பறையர் எழுதுகிற வரலாற்றில் பள்ளர் இல்லாமல், இருவர் எழுதுகிற வரலாற்றிலும் அருந்ததியர் இல்லாமல் போனால் அது இன்னொரு கும்பாபிஷேக மலர்தான். சேரிக்குள்ளே ஒரு கடைசித் தெரு இருந்தால், அங்கிருந்து தொடங்குங்கள். பெண்களின் பெயர்களைப் 'இன்னாரின் மனைவி' என்று போடாதீர்கள். அவர்களுக்குப் பெயர் உண்டு.

இந்த இதழின் பக்கங்கள் அதற்குத் திறந்திருக்கின்றன. நோட்டுப் புத்தகத்தில் பேச்சுத் தமிழிலேயே எழுதி அனுப்புங்கள். இலக்கணம் பார்த்துத் திருத்தி உங்கள் ஆயாவின் குரலைக் கெடுக்கமாட்டோம். ஒரு கையால் வரைந்த வரைபடமும் சேருங்கள். அதில் சேரியை நடுவில் போடுங்கள். ஊர் எந்தத் திசையில், எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று அங்கிருந்து அளந்து குறியுங்கள். ஆயிரம் வருஷமாக அவர்கள் அங்கிருந்து நம்மை அளந்தார்கள். இனி நாம் இங்கிருந்து அளப்போம்.

ஜெய்பீம்.